பிடிக்காது

நாக்கில் கோளாறு ஒன்றுமில்லை.
பாம்பன் முகாமில் விரலைக் குத்திப் பார்த்த நர்ஸ்
"சுகர் இல்லம்மா, நல்லா சாப்பிடலாம்" என்றாள்,
பரிசு கொடுக்கிறவள் மாதிரி.

நல்லாத்தான் சாப்பிடுகிறேன்.
நெத்திலிக் கருவாட்டைத் தலையோடு.
உப்பில் புரட்டிய மாங்காயை
கொட்டை வெளுக்கும்வரை.
பழைய சோற்றுத் தண்ணீரை
சட்டியைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை.

இனிப்புதான் ஆகாது.
ஆகாது என்பதும் பொய்.
ஆகும்.
பிடிக்காது.

முதல் நன்மை வாங்கிய அன்று
மாமா தங்கச்சிமடத்திலிருந்து கேக் கொண்டுவந்தார்.
வெள்ளைக் கவுனின் பைக்குள் ஒளித்தேன்.
சாயங்கால ஜெபத்தில் எறும்புகள் வெளியே வந்தன
வரிசையாக, என்னைக் காட்டிக்கொடுக்க.
அம்மாவிடம் வாங்கிய அடி இன்னும் ஞாபகம்.
கேக்கின் ருசி ஞாபகமில்லை,
தின்றால்தானே.

கல்யாணத்தில் நாத்தனார் திணித்த லட்டு
தாலி ஏறும்வரை கன்னத்தில் கிடந்தது.
போட்டோவில் பாருங்கள்,
மணப்பெண்ணுக்கு ஒருபக்கம் பல்வலி.
மாப்பிள்ளை பிடிச்சிருக்கா என்று கேட்டவர்களும்
பதிலுக்கு நிற்காமல் பந்திக்குப் போய்விட்டார்கள்.
(கித்தேரியான் நல்ல மனுசன். அது வேறு பேச்சு.)

அமாவாசையை ஒட்டி ஆறு நாள்,
பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள்,
விரலில் துணி சுற்றி
காலில் தகடு கட்டி
சின்னப்பாலத்துப் பெண்கள் கடலில் இறங்குவோம்.
பாறையில் தலைகீழாகத் தொங்கி
மூச்சு தீரும்வரை பறிக்கிற பாசி
காய்ந்து, லாரி ஏறி, எங்கோ வெந்து, தூளாகி
விருந்து வீட்டுத் தட்டில்
ரோஸ் நிறத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கும்.
தொட்டால் ஆடும்.
வெயிலில் வைத்தாலும் உருகாது.
அந்த நிற்பு எங்களுடையது.
தித்திப்பு அவர்கள் போட்டது.

பாசி ஏவாரி சீனி மரைக்காயர்
பேரில் மட்டும் சீனி.
ஈரம் என்று நூறு கிலோவுக்குப் பத்து கழிப்பார்,
மணல் என்று இன்னும் ஐந்து.
போன மாதம் விலையிலும் கைவைத்தார்.
பேரன் பிறந்த சந்தோசத்தில்
தட்டுத் தட்டாக வந்தது கரைக்கு:
கடல்பாசித் துண்டுகள் பச்சையிலும் சிவப்பிலும்,
நடுவில் ஒரு கேக்,
அதன்மேல் நீலக் கிரீமில் கடல்.
முப்பது வருசமாக முங்குகிறேன்,
அந்த நீலத்தை நான் பார்த்ததில்லை.

"எனக்கு வேணாம் மொதலாளி."
"சுகரா?"
"இல்ல."
"தவக்காலமா?"
"அது மாசியிலல்லா."
அவர் தட்டைப் பார்த்தார், தராசைப் பார்த்தார்,
பிறகு என்னை.
"வெலையக் கொறச்ச கோவமா?"
"இல்ல மொதலாளி. இனிப்பு புடிக்காது."
என் பின்னால் பதினோரு பெண்கள்
ஈரச் சேலையோடு நின்றார்கள்.
வாயருகே போன துண்டு
அந்தந்தக் கையிலேயே நின்றது.
யாரும் சொல்லிவைக்கவில்லை,
நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.
கடல்பாசி எல்லார் கையிலும் ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்த அமாவாசைக்குக் கிலோவுக்கு மூன்று ரூபாய் ஏறியது.

"பெருநாளைக்குப் பாயாசம் வரும்,
அதையும் வேணாம்னு சொல்லு பிரகாசி,
அஞ்சா ஏத்திருவாரு" என்றாள் சிந்தாத்திரை.
தெருவில் இப்போது எனக்குத் தனி மரியாதை.
சங்கத்துக்காரர்கள் வந்து பேர் எழுதிப்போனார்கள்.
துணிச்சல்காரி என்கிறார்கள்.
நான் இரண்டு தடவை உண்மையைச் சொன்னேன்,
இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாக.
நம்பினவர் ஒருத்தரும் இல்லை.

வியாதி என்றால் நம்புவார்கள்.
நேர்ச்சை என்றால் நம்புவார்கள்.
கோபம் என்றால் காசே கொடுக்கிறார்கள்.
பிடிக்காது என்ற சொல்லை மட்டும்
திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்
செல்லாத நோட்டை வெளிச்சத்தில் பிடிப்பதுபோல.

மதியம் வள்ளத்து ஓரத்தில் சோறு பிரித்தோம்.
தொங்கின தலைமுடியிலிருந்து
ஒரு சொட்டு உதட்டில் விழுந்தது, நக்கினேன்.
சிந்தாத்திரை வீட்டிலிருந்து கொண்டுவந்த அதிரசத்தில்
வழக்கம்போல எனக்கும் ஒன்று வைத்திருந்தாள்.
வழக்கம்போல அதையும் அவளே தின்றாள்,
என் நெத்திலியில் நாலை எடுத்துக்கொண்டு,
டப்பாவைக் கடலில் அலசினாள்.