பொருள் எண் நான்கு

மாலை ஆறே கால். வெளியே மைனஸ் பதினெட்டு.
மாவட்டச் சபையில் பதின்மூன்று நாற்காலி,
சுவரோரம் நெருக்கியடித்த கூட்டம்,
நனைந்த கம்பளிக் கோட்டுகளின் நாய் வாசனை.

நான் குறிப்பெழுதுகிறவள்.
விஸ்கான்சினின் இந்த வடகோடியில்
பத்தொன்பது வருடமாக இதே மூலை மேஜை.
பேச எனக்கு அனுமதி இல்லை.
பேசியதை எழுதத்தான் சம்பளம்.
இன்றைய பொருளே அந்தச் சம்பளம்தான்.

ஊழியர் சங்கத்தோடு இனிக் கூட்டுப் பேரம் கிடையாது.
ஓய்வூதியத்தில் பாதியை அவரவரே கட்டவேண்டும்,
காப்பீட்டிலும் கூடுதலாக.
தலைவர் கோழி வடிவ அடுப்படிக் கடிகாரத்தை முறுக்கினார்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.

முதலில் வெர்லின் ஷ்ரோட்கே.
ஆலை மூடியபோது முப்பத்தோராம் வருடத்தில் இருந்தவர்.
"எனக்குப் பென்ஷன் உண்டென்று எழுதிக் கொடுத்த காகிதம்
நாங்கள் செய்த காகிதம்தான்.
கடைசிவரை அது காகிதமாகவே இருந்தது.
இப்போது ராத்திரியில் கிடங்குக் காவல்.
என் வீட்டு வரியில்
இவர்கள் பல் கட்டிக்கொள்கிறார்கள்."
வாயைத் திறந்து காட்டினார்.
கீழ்வரிசையில் இரண்டு இல்லை.
யாரும் சிரிக்கவில்லை.
எழுதினேன்: திரு. ஷ்ரோட்கே, தீர்மானத்துக்கு ஆதரவு.
பல்லை எழுதப் படிவத்தில் இடமில்லை.

பிறகு மார்லிஸ் டோம்ப்ராஸ்கி,
பனி வாரும் வண்டி ஓட்டுகிறவள்.
எழுதிக்கொண்டு வந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.
"வெர்லின், உன்னை ஏமாற்றியது உன் ஆலை. நானில்லை.
எட்டு வருடம் முன்னால்
சம்பள உயர்வு வேண்டாம், காப்பீடு போதும் என்று
இதே மேஜையில் கையெழுத்துப் போட்டோம்.
நாங்கள் வாங்காமல் விட்ட கூலிக்குத்தான்
இப்போது சலுகை என்று பெயர்.
உனக்கும் வேண்டுமென்று கேள், கூட வந்து நிற்கிறேன்.
எனக்கும் கூடாதென்று கேட்டால்..."
கோழி கிணுகிணுத்தது.
மூன்று புள்ளியோடு அப்படியே எழுதினேன்.
மறுநாள் தலைவர் அந்தப் புள்ளிகளை எடுக்கச் சொன்னார்.

உறுப்பினர் கோரின் ஹாக்ஸெத்,
ஞாயிறு தோறும் தேவாலயத்தில் என் பக்கத்தில் பாடுகிறவள்,
கணக்கேட்டை விரித்து வைத்தாள்.
மில் ரோடு பாலம் விரிசல் விட்டுக் கிடக்கிறது.
பள்ளிப் பேருந்து ஒன்பது மைல் சுற்றிப் போகிறது.
இருப்பது ஒரே உண்டியல், என்றாள்.
பொய்யில்லை. அந்த ஏட்டைத் தட்டச்சு செய்தவள் நான்.

எங்கள் சங்கம் ஒன்றும் கோயில் இல்லை.
கொட்டகையில் குடித்துவிட்டுத் தூங்கிய ராண்டலை
மூன்று தடவை காப்பாற்றிக் கூட்டிவந்தது.
என் மகனுக்குச் சிறுநீரகம் பழுதான வருடம்
நாற்பத்தேழு நாள் வராமலிருந்த எனக்காக
வாதாடி ஜெயித்ததும் அதுதான்.
இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை.
ஆனால் மகன் உயிரோடிருக்கிறான்.

வாக்கெடுப்பு. ஏழுக்கு ஆறு.
கோரின் கையைத் தூக்கினாள், என்னைப் பார்க்காமல்.
ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டேன்:
எனக்கு மாதம் இருநூற்றுப் பன்னிரண்டு டாலர் குறையும்.
பிறகு அழித்தேன்.
தீர்மானம் நிறைவேறியது என்று
எழுத்துப் பிழையில்லாமல் எழுதினேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் புதுப் பனி.
வெர்லினின் கார் இருமியது, கிளம்பவில்லை.
பத்தே காலுக்குக் காவல் மாற வேண்டும்.
மார்லிஸ் தன் லாரியைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தி
பேட்டரி வயரை எடுத்தாள்.
இருவரும் முகம் பார்க்கவில்லை.
"சிவப்பு எந்தப் பக்கம்?" என்று மட்டும் அவர் கேட்டார்.
அவள் கையுறையால் காட்டினாள்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
கூட்டம் ஒன்பது ஐந்துக்குக் கலைந்தது என்று
ஏற்கெனவே எழுதி முடித்திருந்தேன்.