வரிசை 61

பனிச்சறுக்குப் பலகை விளையாட்டு ஒன்றுக்கு
நூற்றிருபது சொற்கள்,
சனிக்கிழமைக்குள் தமிழில் வேண்டும்.
சொல்லுக்கு நாலரை ரூபாய்.
ஒரு பெட்டிக்குள் பன்னிரண்டு எழுத்துதான் கொள்ளும்.
அந்த மென்பொருளுக்குப்
புள்ளியும் ஓர் எழுத்து, கொம்பும் ஓர் எழுத்து,
ஒன்றுமில்லாத இடைவெளியும் ஓர் எழுத்து.

குறும்பனையில் மாடி ஜன்னலைத் திறந்தால்
திரையில் உப்பு படியும்.
துடைத்துவிட்டுப் பார்க்கிறேன்.
பலகையில் நின்றபடி ஒரு பையன்
மலையிலிருந்து வழுக்கி வருகிறான்.
நான் கண்ட பனியெல்லாம் ஐஸ் கம்பெனியில்,
மீன்பெட்டிக்கு மண்வெட்டியால் அள்ளிப்போடும் உடைசல்.

வரிசை 4. கூஃபி.
வலது காலை முன்வைத்து நிற்கிறவன்.
வலது கால், வலது கால் என்று
ஐந்து பேர் கத்தி என்னை இந்த வீட்டுக்குள் ஏற்றினார்கள்.
அங்கே அதற்குக் கோணங்கி என்று பேர்.

வரிசை 9. ஸ்டோக்டு.
'வெப்ராளம்' என்று போட்டு அழித்தேன்.
அதில் பாதி பயம்.

வரிசை 17. சிக்.
நோய் இல்லையாம், பிரமாதமாம்.
'கொள்ளாம்' என்று எழுதலாம்.
ஆரல்வாய்மொழி தாண்டினால் யாருக்குப் புரியும்?

பவுடர் என்றால் புதுப்பனி என்று
வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.
ஜெனிஷா கேரம்போர்டு பவுடரை
வராந்தா முழுக்கக் கொட்டி
ஓடி வந்து வழுக்கினாள்.
அதற்கும் பேர் இருக்கிறது, வரிசை 22,
முகத்தை நடுதல்.
உதடு வீங்கிச் சிரிக்கிறாள்,
இன்னொரு தடவை என்கிறாள்.

வரிசை 33. யார்டு சேல்.
விழுந்தவனின் கையுறை, கண்ணாடி, தொப்பி, பலகை
சரிவு முழுக்கச் சிதறிக் கிடப்பது.
சோற்றுத் தட்டோடு எட்டிப்பார்த்தான் ததேயு.
"ஆனி மாசம் ஆழியில வள்ளம் மறிஞ்சப்ப
நமக்கும் கெடந்துதே.
தொளவ ஒண்ணு, டீசல் கேன்,
கிளமென்சுக்க தூக்குச்சட்டி,
எனக்க ஒத்தச் செருப்பு.
கடை விரிச்சாக்கும் கெடந்தது,
ஒருத்தனும் வெல கேக்கல."

வரிசை 40. நீலப்பறவை நாள்.
இரவெல்லாம் பனி கொட்டி ஓய்ந்து
மறுநாள் மேகமே இல்லாமல் விடிவது.
"அப்பிடி நாள் எங்களுக்கும் உண்டு.
பேர் வைக்க மாட்டோம்."
ஏன் என்றேன்.
"பேர் வச்சா பொறவு வராது."
தட்டைக் கழுவப் போய்விட்டான்.
பெட்டியில் என்ன எழுத?

வரிசை 61. வைட்அவுட்.
வானமும் தரையும் ஒரே வெள்ளை.
மேல் எது, கீழ் எது, தெரியாது.
நிற்கிறோமா, நகர்கிறோமா, அதுவும் தெரியாது.
வெண்மை, வெண்மறைவு, வெண்குருடு,
எல்லாம் கண் ஆஸ்பத்திரி போர்டு மாதிரி இருந்தது.
காலியாக விட்டுப் படுத்தேன்.

மூன்று மணிக்கு அவன் போனான்.
இருட்டில் படி இறங்கும்போது
எந்தக் கால் முதலில் என்று பார்த்தேன்.
இடது.

ஆறே முக்காலுக்கு போன்.
காற்றும் இஞ்சின் சத்தமும், நடுவில் அவன் குரல்.
"கியாஸ் புக் பண்ணணும், மறந்துராத.
மல தாந்துட்டு, இனி டவர் கிட்டா...து"
அவ்வளவுதான்.

மலை தாழ்வது என்றால்
கரையில் கடைசியாகத் தெரியும் முகடும்
தண்ணீருக்குள் இறங்கிவிடும்.
பிறகு எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே நிறம்.
தினமும் அவன் போய்வரும் இடம்தான்.
கல்யாணமாகி ஒன்பது வருடம்,
ஒரு நாளும் எப்படி இருக்கும் என்று நான் கேட்டதில்லை.

மேசைக்கு வந்தேன்.
வைட்அவுட். ஒன்பது எழுத்து, பேசாமல் பொருந்தியது.
அழித்தேன்.
மலை தாழ்ந்தது.
பதின்மூன்று. பெட்டி சிவந்தது.

மலைமேல் நிற்கிறவனுக்கு மலை எப்படித் தாழும் என்று
திங்கட்கிழமை கேட்பார்கள்.
கேட்கட்டும்.
மலைக்கும் தாழ்ந்ததற்கும் நடுவே
கொஞ்சம் வெளி இருந்தது.
அதை எடுத்துவிட்டேன்.
பன்னிரண்டு.