ஆறாவது பொருள்

பனிவாரும் வண்டிக்குப் புது அலகு:
இருபது நிமிட வாக்குவாதம்.
நாய் உரிமத்துக்கு ஒரு டாலர் ஏற்றம்:
டுவேன் மட்டும் எதிர்ப்பு,
அவர் வீட்டில் நான்கு நாய்கள்.

ஆறாவதை நான்தான் வாசித்தேன்.
வில்மா கோட்ரபா, எல்ம் தெரு.
தண்ணீர் பாக்கி பதினேழு டாலர் நாற்பது சென்ட்.
வசூலிக்க ஆளில்லை, தள்ளுபடி செய்யலாம்.

மீட்டர் பார்க்கும் லைல்
பின்வரிசையிலிருந்து, தொப்பியைக் கழற்றாமல்:
"குழாய் உறைந்துவிடாமலிருக்க
சமையலறையில் சொட்டவிட்டிருந்தாங்க.
அவங்க போனப்புறமும்
பதினோரு நாள் சொட்டியிருக்கு."

நெப்ராஸ்கா காற்று
ஜன்னல் சட்டத்தை ஆட்டியது.
முன்மொழிந்தாயிற்று.
வழிமொழியத்தான் கொஞ்சம் நேரமானது.

குறிப்பேட்டில் எழுதினேன்:
எதிர்ப்பு இல்லை.

ஏழு: நீச்சல்குளத்துக்கு என்ன வண்ணம்?
போன வருடத்து நீலமே
மூன்று டப்பா மீதமிருக்கிறதாம்.