மா நடக்கிறது

கரண்டியின் முதுகால் தடவி
கண்ணாடிபோல் மட்டமாக்கித்தான்
பேணியை மூடினேன்.
பின்னேரம் திறந்தால்
ஒரு மேடு, ஒரு பள்ளம்,
யாரோ ஊதிவிட்ட மாதிரி.
ஊத ஆளில்லை.
மா தானாக நடந்திருக்கிறது.

விரலிடுக்கில் நசுக்கி மோந்தேன்:
புதினாவுக்குப் பக்கத்து வீட்டு நாற்றம்.
சிற்றுண்ணி.
ஒரு மாதமாக முழங்கைவரை சொறிந்துகொண்டு
குளிர்மேல் பழிபோட்டிருக்கிறேன்.

டயகமவில் மழை வெளியே மட்டும் பெய்வதில்லை.
பிள்ளைக்காம்பராச் சுவர் வியர்க்கும்,
உப்பு அழும்,
தீக்குச்சி உரசினால் தலை கழன்று விழும்.
காற்றிலுள்ள அந்த ஈரத்தையே
இவை குடித்துப் பெருகுகின்றன.

புல்லுக்கு மருந்தடிக்கிற லோரன்ஸ்
தோளிலிருந்த டாங்கியைக் கழற்றாமல்
வாசலில் நின்றான்.
"ஒரு மூடி போதும் அக்கா, ராவோட முடிஞ்சிரும்."
அவன் நகமெல்லாம் மஞ்சள்.
உள்ளே பதினேழு பிள்ளைகள்
பாயில் வாய்திறந்து உறங்கினார்கள்.
"போ லோரன்ஸ்."

நாலு ஜாம் போத்தல் எடுத்தேன்.
எல்லாவற்றிலும் நடக்கிற மா, பிடிக்குப் பிடி.
ஒன்றில் இடித்த கராம்பு, சீலையில் முடிந்து.
ஒன்றில் மானாப்புல், கைவிட்ட மலையில் அறுத்தது.
ஒன்றில் கறுவா இலை எண்ணெய்,
மூடியில் ஒட்டிய பஞ்சில் இரண்டு துளி;
பல்வலிக்கென்று பியதாஸ
சம்பள நாளில் விற்றுப்போனது.
நாலாவதில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததும் சாட்சி சொல்ல வேண்டுமே.

ஐந்தாம் நாள்
என் புருஷனின் எக்ஸ்ரே படத்தை விரித்து
கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
மானாப்புல்லுக்கு அவை அசரவில்லை:
விலாவுக்கும் விலாவுக்கும் நடுவே
நுரையீரலின் கறுப்பில்
வெள்ளைப் புள்ளிகள் ஊர்வலம் போயின.
கராம்பில் பாதி படுத்திருந்தது.
கறுவா மாவை
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்,
நூறு எண்ணும்வரை.
ஒரு புள்ளி அசையவில்லை.
நாலாவதை எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

பழைய மா குப்பைக் குழிக்குப் போனது.
புது மாவை அடுப்புக்கு மேல் பரணில் ஏற்றி
மூடிக்குள் பஞ்சு வைத்தேன்.
வெற்றிதான்,
ரொட்டி சுடும்வரை.
"பல்வலி ரொட்டி" என்று துப்பினாள் ஹம்சவேணி.
அவளைப் பார்த்து மற்றப் பதினாறும்.
அன்றைக்குக் கோழிகள்தான் நன்றாகச் சாப்பிட்டன.

இரண்டு துளியை அரைத் துளியாக்கினேன்.
சுடுவதற்கு முந்தின ராத்திரி
மாவை அகலத் தட்டில் கொட்டி
அடுப்பருகே மூச்சுவிட வைத்தேன்.
ஹம்சவேணி மோந்தாள். யோசித்தாள்.
சீனி கேட்டாள்.

மட்டமாக்கிய மாவின்மேல்
நகத்தால் ஒரு கோடு கிழித்து
திங்களன்று மூடியது.
வியாழன் திறந்தேன்.
கோடு அப்படியே இருந்தது.
அடுத்த கிழமை இருக்குமோ தெரியாது.
ஜன்னலில் மூடுபனி
முகத்தை ஒட்டிவைத்துப் பார்க்கிறது.

லோரன்ஸ் வந்தான், டாங்கி இல்லாமல்,
கையில் ஒரு குட்டிப் போத்தலுடன்.
"வீட்டுல குரக்கன் மாவும் நடக்குதுக்கா.
அந்த எண்ணெய் கொஞ்சம்..."

முதலில் கையைக் கழுவு என்றேன்.