ஒன்பது கிலோ

ஒன்பது கிலோவுக்கு மேல்
ஒரு கிராமும் வேண்டாம் என்றாள் பெயாத்ரிஸ்.
கயிறு அவளுடையது.
ஆகவே சொல்லும் அவளுடையது.

ஃபிஸ்ப் நகரில் மூன்றாம் மாடி.
கம்பளத்தில் சாமான்களைப் பரப்பி
நடுவில் மாவு நிறுக்கும் தராசை வைத்தேன்.
பனிக்கோடரி நானூற்று முப்பது.
இடுப்பு வார் முன்னூற்று எழுபது.
சப்பாத்தடியில் பூட்டும் பன்னிரண்டு பல் இரும்பு
தராசில் அடங்கவில்லை,
மல்லாந்த நண்டுபோல் இருபுறமும் தொங்கிற்று.

முப்பத்தாறாம் அளவுக் காலுக்கு
வாடகைக் கடையில்
பெரியவர்கள் பக்கம் எதுவுமில்லை.
சிறுவர் தட்டில் எடுத்த சோடியில்
குதிகாலருகே ஒரு டைனோசர் பல்லிளிக்கிறது.
எனக்கு நாற்பத்தேழு வயது.
அதுவும் ஏறட்டும் என்னோடு.

தோலோடு ஒட்டக் கம்பளி,
அதற்கு மேல் பஞ்சு,
அதற்கு மேல் காற்றோடு சண்டை பிடிக்க ஒன்று.
பருத்தி கூடாது.
பருத்தி வியர்வையை வாங்கி வைத்துக்கொண்டு
நாலாயிரம் மீற்றரில்
வட்டியோடு திருப்பித் தருமாம்.

குடிலில் படுக்க உறை வேண்டும்.
நைலெக்ஸ் சேலை ஒன்றை மடித்து மூட்டித் தைத்தேன்,
இருநூற்றெண்பது கிராம்.
மஞ்சள் பூக்கள் கழுத்தருகே வருகின்றன.

கையுறை ஏன் இரண்டு சோடி என்று கேட்டதற்கு
பெயாத்ரிஸ் இடக்கைச் சுண்டுவிரலை நீட்டினாள்.
நுனி இல்லை.
பதினோரு வருடம்
ஒரே முதியோர் இல்லத்தில்,
ஒரே கட்டிலின் இருபுறமும் நின்று
விரிப்பு மாற்றியிருக்கிறோம்.
நான் கண்டதில்லை.
வீட்டுக்கு வந்து
மூன்றாவது சோடியும் வைத்தேன்.

“மலை ஓடியா போகப்போகுது?”
கதிரையில் இருந்தபடி குலேந்திரன்.
பிறகு தானே எழும்பிப் போய்
பாண் வெட்டும் கத்தியால்
என் பல்துலக்கியைப் பாதியாய் அறுத்து வந்தான்.
சித்தாலேபவை
வில்லைக்கண்ணாடிச் சிமிழுக்குள் வழித்து அடைத்தான்.
மிக்சர் பைக்கற் ஒன்றை அவன் உள்ளே வைக்க,
நான் எடுக்க,
அவன் வைக்க.

பையோடு ஒருதரம், பையில்லாமல் ஒருதரம்
குளியலறைத் தராசில் ஏறிக் கழித்துப் பார்த்தேன்.
பதினொன்று அறுநூறு.
பை இல்லாத எண்ணையும்
அவன் எட்டிப் பார்த்துவிட்டான்.

விடிய ஆறுக்குத் தொலைபேசி.
ஃபோன் காற்று, மேலே தொண்ணூறு கிலோமீற்றர்.
இன்றைக்கு இல்லை.

பை நடையில் நின்றது,
வந்துவிட்டுச் சொல்லாமல் நிற்கும் விருந்தாளிபோல்.
எவரும் அதை அவிழ்க்கவில்லை.
ஆனால் ஞாயிறு
நெற்றி விளக்கு நிலவறைக்கு இறங்கியது,
பியூஸ் மாற்ற.
கம்பளிச் சட்டை அகரனின் காய்ச்சலுக்கு.
கொளுவி ஒன்றில் வீட்டுச் சாவிகள்.
சொக்கலேற்றை யார் தின்றதென்று
இன்றுவரை தெரியாது.

அடுத்த வெள்ளி எல்லாவற்றையும்
திரும்பத் தேடிப் பிடித்துக் கட்டினேன்.
அந்த முறை புதுப் பனி, முழங்காலளவு.
பெயாத்ரிஸின் குரலில்
மன்னிப்பு இல்லை, மலையின் கணக்கு மட்டும்.
நான் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
வெங்காயம் வெட்டினேன்.
நன்றாக வேலை செய்கிறது.

இது மூன்றாவது வெள்ளி.
தராசை எடுக்கவில்லை.
கை தானாகப் போகிறது:
அடியில் சேலை,
முதுகோடு ஒட்டிப் பாரம்,
மூடிப் பைக்குள் கையுறைகள்.
ஒரு கையுறை மட்டும்
கட்டிலுக்கடியில் தூசு மூடிக் கிடந்தது.
உதறினேன், விரல்கள் ஐந்தையும்
ஒவ்வொன்றாய் உள்ளே விட்டுப் பார்த்தேன்.

கோப்பைக்குக் கீழே ஏதோ சரசரத்தது.
பாதி தின்ற மிக்சர்,
உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்று கவ்வியபடி.
எடுக்கவில்லை.

ஆறு பத்து.
சாஸுக்குப் போகும் பஸ் ஆறே முக்காலுக்கு.
தொலைபேசி மேசையில் கவிழ்ந்து கிடக்கிறது.
அதைப் பார்க்காமல்
சப்பாத்துக் கயிற்றை
இரண்டாம் முறை இறுக்குகிறேன்.