கடைமடை

வேகம் இருக்கிறது.
நாற்பத்தேழு எம்பி என்று காட்டுகிறது செயலி,
பச்சை முள் துள்ளித் துள்ளி நிற்கிறது.
கஸ்டமர் கேர் பெண்ணும் அதையே படித்தாள்:
உங்கள் பகுதியில் வேகம் நன்றாக உள்ளது, மேடம்.

ஏனுங்க, நான் கேட்டது வேகமில்லைங்க.

பவானிசாகரில் மதகு தூக்குகிற அன்றைக்கு
வாய்க்கால் எவ்வளவு அகலம் என்று
முத்தூரில் எவரும் விசாரிப்பதில்லை.
தண்ணி எப்ப வரும்?
எட்டாம் நாளா, பத்தாம் நாளா?
அதுதான் பிங்.

பருப்புக் களத்துக்கும் டவருக்கும் நடுவே
ரெண்டு கல் தொலைவு,
ஓர் அரிசி ஆலை,
பொழுதோட ஏழுக்கு மேல்
போனில் சீரியல் பார்க்கிற மொத்த ஊர்.
தண்ணித் தொட்டி மேல் ஏறினால் நூற்று நாற்பது.
இறங்கினால் இருநூற்றுப் பத்து, சிவப்பில்.
மில்லிசெகண்டுதானே, கண் சிமிட்டுற நேரம் என்பான்
அண்ணன் பூவரசன்.
அந்தச் சிமிட்டலில்தான்
என்னைச் சுட்டுவிடுகிறார்கள்.

என் திரையில் நான் சுவருக்குப் பின்னால்.
நாமக்கல்காரன் திரையில்
இன்னும் வாசற்படியில் நிற்கிறேன்
தலையைக் காட்டிக்கொண்டு.
மும்பையில் குளிர்ந்த அறையில் இருக்கும் எந்திரம்
அவன் சொன்னதையே நம்புகிறது.
சாவு முன்னால்,
தாக்கல் பின்னால்.
நடுவில் நான் ஓடிய மூன்று தப்படி
யார் கணக்கிலும் இல்லை.

ஆகவே ஒரு பழக்கம் பிடித்தேன்.
ஆள் இருக்கிற இடத்தைச் சுடுவதில்லை.
அவன் போகப்போகிற இடத்தில்,
ஒருவரும் இல்லாத ஜன்னலில்,
வெறும் காற்றில் சுடுவேன்.
அக்கட்டால பாரு, யாருமில்லாத பக்கம் சுடறா
என்று தாராபுரத்து ரியாஸ்தீன் சிரிப்பான்.
அவன் சிரிப்பு வந்து சேர்வதற்குள்
ஜன்னலில் ஒருவன் விழுந்திருப்பான்.
எதிரணி எழுதும்: ஹேக்கர். பேய். லேக் திருடி.

ஆவணி கடைசி சனிக்கிழமை தகுதிச் சுற்று.
ஜெயித்தால் எட்டாயிரம்,
ஆளுக்கு இரண்டு.
ஊத்துக்குளி தமயந்தி, ரியாஸ்தீன், நந்தகிஷோர், நான்.
வட்டம் சுருங்கிச் சுருங்கி
ஒரு வைக்கோல்போர் அளவுக்கு வந்துவிட்டது.
இன்னும் இரண்டு அணி.
தொட்டி மேல் சம்மணமிட்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டு புல்லில் படுத்திருக்கிறேன்.

திரையில் ஒரு சொட்டு.

ஈரம் பட்ட இடத்தில்
விரல் வைக்காமலே துப்பாக்கி வெடித்தது.
தமயந்தி கத்தினாள், ஏண்டி காட்டிக் குடுக்கறே!
அடுத்த சொட்டு கழுத்தில்.
அடுத்தது கீழே, வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கும்
பன்னிரண்டு டன் பருப்பில்.

மழைக்குப் பிங் கிடையாது.

போனைச் சாக்குக்கடியில் செருகினேன்.
நாற்பதடித் தார்ப்பாயை ஒற்றை ஆளாக
இழுத்தேன், கல் வைத்தேன், இழுத்தேன்.
அண்ணன் வேட்டியை மடித்தபடி வந்து மறுமுனை பிடித்தான்.
தூறல் அதற்குள் ஓய்ந்துவிட்டது,
சும்மா மிரட்டிப் பார்த்த மாதிரி.

வந்து எடுத்தால்
புல்லில் அப்படியே படுத்திருக்கிறேன்.
காயமில்லை.
நடுவில் சின்ன வட்டம் சுற்றுகிறது: மறு இணைப்பு, மறு இணைப்பு.
உசுரோடதான் இருக்கேன் என்று மைக்கில் சொன்னேன்.
யாரும் பதில் பேசவில்லை.
பிறகு வந்தது தாக்கல்.
நான்காம் இடம்.
பரிசு மூன்று.

இப்போது மணி மூன்று.
ஆலை ஓய்ந்துவிட்டது, ஊர் உறங்குகிறது.
டவர் முழுக்க எனக்கே எனக்கு.
பிங் முப்பத்தொன்று, பச்சை.
இப்படி ஒரு எண்ணை இந்தக் களத்தில் நான் பார்த்ததே இல்லை.
தொட்டால் தொட்ட நொடியில் கதவு திறக்கிறது,
குதித்தால் குதிக்கிறேன்.

லாபியில் மூன்று நாற்காலி காலி.
தமயந்தி, கடைசியாகப் பார்த்தது 11:52.
ஸ்டார்ட்டை அழுத்தவில்லை.
முன்னும் பின்னும் சும்மா நடந்து பார்க்கிறேன்,
என் கால் என் கூடவே வருகிறது.