இணைப்பு பதினேழு

நாகேஸ்வரன் வடக்கு வீதி, ஜெராக்ஸ் கடை மாடி.
மொழிபெயர்ப்பு, பக்கத்துக்கு நூற்றைம்பது.
கோமளவல்லி மஞ்சள் பையைக் கவிழ்த்தாள்:
திருவிழா நோட்டீசுகள், மடிப்பில் கிழிந்த பத்திரிகை,
ஆடுதுறைக் கல்யாணத்தில் போர்த்திய பொன்னாடை.
"துணியையும் மொழிபெயர்க்கணுமா?" என்றேன்.
சிரிக்கவில்லை.
வலக்கை விரல்களில் தவில் கூடு கழற்றிய தடம்.

நியூஜெர்சி வக்கீல் எழுதியிருக்கிறார்:
அசாதாரணத் திறமைக்கு
மூன்று வகைச் சான்றாவது வேண்டும்.

"தனியில் பேய் வாசிப்பு வாசித்தார்"
என்கிறார் நன்னிலம் நிருபர், ஐந்தாம் பக்கத்தில்.
பேயை அப்படியே இறக்கினால்
தூதரகத்தில் யாராவது மிரளுவார்கள்.
'அபாரம்' என்று போட்டால்
பேய் ஓடிவிடுகிறது.
அரைமணி நேரம் அதோடு உட்கார்ந்திருந்தேன்.
"மழையிலும் கூட்டம் கலையவில்லை" மட்டும்
தானாகவே ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்து,
சக கலைஞரைவிட அதிகம் சம்பாதித்ததற்கு அத்தாட்சி.
"போன தையில வலங்கைமான்ல
ஆம்பளை தவிலுக்குக் கொடுத்ததுல பாதிதான் சார் கொடுத்தாங்க.
அதைச் சேர்க்கலாமா?"
சேர்க்கவில்லை.

கடைசிப் பக்கம் என்னுடையது.
இரு மொழியிலும் தகுதி உடையவன் என்று
எனக்கு நானே எழுதிக் கையெழுத்திட வேண்டும்.
தகுதி.
என்னிடம் அவ்வளவுதான் கேட்கிறார்கள்.

முத்திரை குத்த ஆரம்பித்தேன்.
மேசை விளிம்பில் அவள் விரல்
அதைப் பிடித்துக்கொண்டது.
குத்துக்கும் குத்துக்கும் நடுவே
என்னென்னவோ நடந்தது.
பேனா டப்பா நடுங்கியது.
பதினேழாவது தாளில் வேண்டுமென்றே
கொஞ்சம் தாமதித்துக் குத்தினேன்.

சுற்றிவிட்டு,
சரியாக அங்கே வந்து இறங்கினாள்.